கணக்குப்பிள்ளைக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மார்களுக்கும், கூழ் ஊற்றி முடித்த கையோடு முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் அம்மாப்பேட்டைத் தாய்மார்களுக்கும் வணக்கம்.

தலைப்பு பேனரிலேயே இருக்கிறது. ஒன்றுமில்லாமல் தொடங்கித் தொழிலில் உயர்ந்தவர்களை உயர்த்தியது பெரிதும் துணிச்சலா, நாணயமா? நான் நாணயத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகப் பேசினார். 1970-ல் வெறும் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் ஐஸ் தொழிலைத் தொடங்கிய சந்திரமோகனைச் சொன்னார். அதுதான் அருண் ஐஸ்கிரீம் ஆகி, ஹட்சன் ஆகி, நம்ம சேலம் கருமாபுரத்தில் பால் ஆலையாகவும் நிற்கிறது. 1983-ல் 15,000 ரூபாயில் ஷாம்பு தொழிலில் இறங்கிய கடலூர் ரங்கநாதனையும் சொன்னார். எல்லாம் உண்மை. நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன்.

ஆனால் முடிக்கும்போது ஒன்று சொன்னாரே! "நாணயமானவன் கடைசிவரைக்கும் கணக்குப்பிள்ளையாத்தான் இருப்பான். துணிஞ்சவன்தான் முதலாளி நாற்காலியில உட்காருவான்" என்றார். பந்தலே சிரித்தது. நடுவர் ஐயாவும் சிரித்தார். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அதற்கு முன்னால் அண்ணன் சொன்ன ஆட்களையே எடுத்துக்கொள்வோம். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று ரங்கநாதன் ஒரு திட்டம் போட்டார். ஊருக்கு ஊர் பெட்டிக்கடைக்காரர் காலிக் கவரை வாங்கிக்கொண்டு புதுப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். எதை நம்பிக் கொடுத்தார்? கம்பெனி ஆள் திரும்பி வருவார், கணக்குத் தீர்ப்பார் என்று நம்பித்தானே? திட்டம் போட்டது துணிச்சல், சரி. அது ஓடியது எதனால்? பால் தொழிலும் அப்படித்தான். பால் பணம் சொன்ன நாளில் கைக்கு வரவில்லை என்றால், மறுநாள் காலையில் கேன் வேறு வண்டியில் ஏறிவிடும்.

நம்ம ஊர் ஜவ்வரிசியை எடுங்கள். இரண்டாம் உலகப்போர் நேரம், 1943 வாக்கில், கேரளாவுக்கு வியாபாரத்துக்குப் போய்வந்த சேலத்துக்காரர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கில் கை வைத்தார். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தெளிய வைத்து, உருட்டி, வறுத்து எடுத்தார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது இன்று சேலம் மாவட்டத்தின் அடையாளம். 2023-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. மாதிரியைப் பார்த்து வியாபாரி டெண்டர் போட்டு மூட்டை எடுக்கிறாரே, அதற்காக 1981-ல் உருவான கூட்டுறவுச் சங்கம்தான் சேகோசர்வ். ஒரு பிடி மாதிரியை நம்பி லாரி லோடு வாங்குகிற தொழில் அது! அதனால்தான், எங்கேயோ ஒருவர் வெளுப்புக்காக ரசாயனம் கலந்தார் என்று ஒரு செய்தி வந்தாலும், நேர்மையாக ஆலை ஓட்டுபவரின் மூட்டையையும் மகாராஷ்டிர வியாபாரி இரண்டு முறை கிளறிப் பார்க்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, கொலுசாக நிறுத்து வாங்குகிறார்கள். சேதாரக் கணக்கில் ஒரு தடவை பிசகினால் அந்தப் பட்டறைக்காரருக்கு அடுத்த வெள்ளி கிடையாது.

சரி, பெரிய ஆட்கள் போதும். இப்போது நம்ம தட்டுவடை செட்டு அக்காவிடம் வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்ளும். இந்தப் பந்தலில் பாதிப் பேர் அந்தக் கையால் சாப்பிட்டவர்கள்தான்.

வீட்டுக்காரருக்குத் தறி நின்றுபோன வருஷம், அக்கா ஒரு சந்துமுனையில் மேஜை போட்டது. மேஜைகூட இரவல். ஒரு தட்டுவடை, மேலே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, மூடுவதற்கு இன்னொரு தட்டுவடை. சேலத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்!

எல்லாக் கடையிலும் யார் யார் பாக்கி என்று எழுதி வைப்பார்கள். அக்கா பின்னால் இருந்த சுவரில் கரியால் எழுதியது, தான் யார் யாருக்குப் பாக்கி என்பதை. சில்லறை இல்லாமல் "நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று போனவர்கள் கணக்கு அது. பெயர் தெரியாதே? அதனால் பார்த்ததை எழுதும். "கண்ணாடித் தாத்தா, 2." "டிவிஎஸ் தம்பி, 5." "போன் பேசிக்கிட்டே திங்கிற பொண்ணு, 10." இப்படிச் சுவர் முழுக்க.

கொஞ்ச நாளில் என்ன ஆனது தெரியுமா? ஜனங்கள் செட்டு சாப்பிட வருவதோடு, அக்கா தனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று சுவரைப் படிக்கவும் வர ஆரம்பித்தார்கள். தாய்மார்களே, உங்களில் ஒருவர் "பேரம் பேசற அம்மா, 3" என்று அந்தச் சுவரில் இருந்தீர்கள். யார் என்று நான் கேட்க மாட்டேன். அங்கே ஒரு அம்மா சிரிக்கிறார்கள், அது போதும்!

ஒருநாள் ஒரு பெரிய மனிதர் சுவரைப் பார்த்துவிட்டு நேராக மேஜைக்கு வந்தார். "கோபக்கார மீசை, 5 அப்படின்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

"தெரியலீங்கண்ணா. வந்து கேட்டா குடுக்கணும்."

"நான்தான் அது! என்னைப் பாத்தா கோபக்காரன் மாதிரியா இருக்கு?" என்று மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். சட்னிக் கிண்ணம் குதித்தது.

அக்கா அமைதியாக அஞ்சு ரூபாயை எடுத்து நீட்டியது. "ஆளு நீங்கதான்னு இப்ப உறுதியாயிடுச்சுங்கண்ணா. வாங்கிக்கோங்க."

அவர் அஞ்சு ரூபாயை வாங்கவில்லை. இரண்டு செட்டும் ஒரு நொறுக்கலும் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் குடும்பத்தோடு வந்தார். அக்கா சுவரில் திருத்தியிருந்தது: "மீசை அண்ணன், 5." அவர் அந்த அஞ்சைக் கடைசிவரை வாங்கவே இல்லை. தன் பெயர் சுவரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னும் கேளுங்கள். பொங்கலுக்கு அந்தச் சுவரின் சொந்தக்காரர் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டிவந்தார். அக்கா அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துச் சுவரில் இருந்த ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொண்ட பிறகுதான் மட்டையைத் தொட விட்டது. அந்த நோட்டில் இருந்த டிவிஎஸ் தம்பி வேலைக்கு வெளியூர் போய், கல்யாணம் முடித்து, மனைவியோடு ஒருநாள் வந்து நின்றார். அவர் மறந்தே போயிருந்த அஞ்சு ரூபாயை அக்கா எடுத்துக் கொடுத்தது. அந்தப் புதுப்பெண் புருஷனைப் பார்த்து, "இந்த ஊர்லயே குடியிருக்கலாங்க" என்றாளாம்!

இன்றைக்கு அக்காவுக்கு மூன்று கடை. வேலைக்கு ஆறு பெண்கள். எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்து, சந்துமுனையில் மேஜை போட்டது துணிச்சல் இல்லையா என்று கேட்பார். துணிச்சல்தான் அண்ணா, யார் இல்லை என்றார்கள்? ஆனால் மேஜை போடுவதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

மேஜை இருந்தது, எண்ணெய் டின் இல்லை. அரிசி மாவு இல்லை, பொட்டுக்கடலை இல்லை. அக்கா லீ பஜாரில் ஒரு மொத்தக்கடைக்குப் போய்க் கடன் கேட்டது. முதலாளி, "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எப்படிம்மா?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அக்கா படியிறங்கப் போனபோது கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை தலை நிமிர்ந்து, "முதலாளி, என் பேர்ல எழுதிக்கோங்க" என்றார்.

ஏன் சொன்னார்? சில மாதம் முன்பு இதே அக்கா மளிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சிட்டையில் ஒரு கிலோ துவரம் பருப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, திரும்ப நடந்து வந்து காசு கொடுத்துவிட்டுப் போனது. கடையில் யாருக்கும் அது நினைவில்லை. கணக்குப்பிள்ளைக்கு நினைவிருந்தது.

அண்ணா, நீங்கள் சொன்னீர்களே, கடைசிவரைக்கும் கணக்குப்பிள்ளை என்று. அந்தக் கணக்குப்பிள்ளை கடைசிவரைக்கும் கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்தார். சொந்தமாகக் கடை வைக்கவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் பாய் போட்டுச் சாய்வுமேஜையில்தான் எழுதினார். அவர் என் அப்பா.

அந்த எண்ணெய் டின்னுக்கும் மாவுக்கும் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் எனக்குப் புதுச் சீருடை ஒரு மாதம் தாமதமாக வந்தது. ஏன் என்று கேட்டு அழுதிருக்கிறேன். அப்பா காரணம் சொல்லவில்லை. அக்கா முழுப் பணத்தையும் அடைத்தது, அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. அப்பா இறந்த அன்று அக்கா மூன்று கடையையும் சாத்திவிட்டு வந்து, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். எங்கள் வாசலில் அன்றைக்கு நின்ற கூட்டத்தில் அப்பா எழுதிக் கொடுத்த சிட்டையில் தொழில் தொடங்கியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் லாரி வைத்திருக்கிறார், ஒருவர் மாவு மில் நடத்துகிறார். அவர்களே முன்னால் வந்து பாடை தூக்கினார்கள்.

என் அம்மா இன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தூணுக்குப் பக்கத்தில், பச்சைப் புடவை. அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடையை இன்று சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கிறது.

அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டிமன்றம் முடிந்ததும் என்னோடு வந்து அந்த இருவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.