சொந்த அரங்கமே இல்லாத அணி லீக் பட்டத்தைத் தட்டிச் சென்ற சீசன்: பசிபிக் கடற்கரை ஐஸ் ஹாக்கி, 1912

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு சின்னப் புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். மூன்றே மூன்று அணிகள்தான். திரையில் போட்டிருக்கிறேன், பாருங்கள். நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ராயல்ஸ், 15 ஆட்டத்தில் 9 வெற்றி, 6 தோல்வி. வான்கூவர் மில்லியனர்ஸ், 15 ஆட்டத்தில் 7 வெற்றி, 8 தோல்வி. விக்டோரியா செனட்டர்ஸ், 16 ஆட்டத்தில் 7 வெற்றி, 9 தோல்வி. கனடாவின் மேற்குக் கடற்கரையில் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் ஹாக்கி அசோசியேஷனின் முதல் சீசன் இது. 1912 ஜனவரியில் ஆரம்பித்து மார்ச்சில் முடிந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லீக் முழுவதும் ஒரே குடும்பத்தின் சொத்து. பேட்ரிக் குடும்பம். அண்ணன் லெஸ்டர் விக்டோரியாவுக்கு ஆடினார். தம்பி ஃபிராங்க் வான்கூவருக்கு ஆடினார். அரங்கங்கள் அவர்களுடையவை. வீரர்களின் ஒப்பந்தம்கூடத் தனித்தனி அணிகளோடு இல்லை, லீக்கோடுதான். யார் எந்த அணிக்குப் போக வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இவ்வளவும் கையில் இருந்தும், முதலிடம் பிடித்தது அண்ணன் தம்பி இருவருமே ஆடாத மூன்றாவது அணி. ஆட்டத்தை ஆட்டமாக நடத்தினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். அப்பா ஜோ பேட்ரிக் மர வியாபாரி. 1907-இல் குடும்பத்தோடு கிழக்கிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் என்ற ஊருக்கு வந்து மரத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். பிள்ளைகள் இருவரும் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை. லெஸ்டர் அதற்கு முன்பே மான்ட்ரியல் வாண்டரர்ஸ் அணியோடு, கனடா ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றவர். 1909-10 சீசனில் ஒன்டாரியோவில் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் அணி, பணத்தை வாரி இறைத்து நட்சத்திரங்களைச் சேர்த்தது. லெஸ்டருக்கு 3,000 டாலர், ஃபிராங்குக்கு 2,000, அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் சைக்ளோன் டெய்லருக்கு 5,250. இரண்டு மாதம் ஓடும் ஒரு சீசனுக்கு இந்தச் சம்பளம்! அப்படியும் அந்த அணி கோப்பையை வெல்லவில்லை. சகோதரர்கள் அங்கே இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்தார்கள் என்று நான் நினைக்கிறேன். நல்ல ஆட்டக்காரர்கள் பணம் கிடைத்தால் எந்த ஊருக்கும் வருவார்கள். பணம் மட்டும் இருந்தால் வெற்றி வந்துவிடாது.

1911-இல் அப்பா மரக் கம்பெனியை விற்றார். அந்தப் பணம் அப்படியே ஹாக்கிக்குப் போனது. இங்கேதான் பெரிய சிக்கல். ஐஸ் ஹாக்கிக்கு ஐஸ் வேண்டும். மான்ட்ரியலில், ஒட்டாவாவில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் போதும், குளிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். விக்டோரியாவிலும் வான்கூவரிலும் அப்படி இல்லை. கடல் காற்று, மழை, ஜனவரியில்கூடப் பல நாள் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலேதான். இயற்கையாக உறையும் ஐஸை நம்பி அங்கே ஒரு சீசன் நடத்தவே முடியாது.

அதனால் செயற்கை ஐஸ். கனடாவில் அதுவரை யாரும் அப்படி ஓர் அரங்கம் கட்டியதில்லை. அது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த லீக்கின் உயிரே அதில்தான் இருந்தது. நம்ம ஊர் மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் ஃபேக்டரி பார்த்திருப்பீர்கள். அம்மோனியாவை அழுத்தி, விரியவிட்டு, அந்தக் குளிர்ச்சியால் உப்புக் கரைசலைக் குளிர வைப்பார்கள். உப்பு இருப்பதால் அந்தத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதற்குள் நிற்கும் டின்களில் இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் கட்டியாக உறையும். அரங்கத்திலும் அதே தத்துவம்தான். டின்களுக்குப் பதிலாகத் தரைக்கு அடியில் நெருக்கமாகக் குழாய்கள். குளிர்ந்த உப்புக் கரைசல் அந்தக் குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே தெளிக்கிற தண்ணீர் மெல்லிய படலமாக உறையும். அதன்மேல் இன்னொரு படலம், அப்புறம் இன்னொன்று. வெளியே மழை பெய்யட்டும், வெயில் அடிக்கட்டும், பம்பு ஓடும் வரை உள்ளே ஐஸ் இருக்கும்.

விக்டோரியா அரங்கத்தை 1911 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். வான்கூவரில் டென்மன் தெருவும் ஜார்ஜியா தெருவும் சேரும் இடத்தில், கோல் ஹார்பர் கடலோரம், டென்மன் அரங்கம். அதில் 10,500 பேர் உட்காரலாம். அப்போது வான்கூவரின் மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம். ஊரில் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கை! இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்தின் துணிச்சலை நினைத்து அசந்துபோகிறேன். இன்னும் ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை, லீக் நிற்குமா விழுமா என்று யாருக்கும் தெரியாது, இவர்கள் பத்தாயிரம் நாற்காலி போடுகிறார்கள்.

நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கு அரங்கமே இல்லை. குவீன்ஸ் பார்க்கில் அவர்களுக்கான அரங்கம் அடுத்த சீசனில்தான் தயாரானது. முதல் வருடம் அவர்கள் 'சொந்த மண்' ஆட்டங்களை ஆடியது வான்கூவரில், எதிரணியின் அரங்கத்தில். மூன்று ஊர்களில் ஆகச் சின்ன ஊரும் அதுதான்.

முதல் ஆட்டம் 1912 ஜனவரி 2 அன்று விக்டோரியாவில். ராயல்ஸ் 8-3 என்று விக்டோரியாவை அடித்தது. மூன்று நாள் கழித்து வான்கூவரில் அரங்கேற்றம். அதே ராயல்ஸ், அதே 8-3, ஆனால் இந்த முறை தோற்றது ராயல்ஸ்.

ஆட்டம் இன்றைக்கு நாம் பார்ப்பது போல இருக்காது. ஓர் அணிக்கு ஏழு பேர். ஏழாவது ஆளுக்கு ரோவர் என்று பெயர். அவருக்கு நிலையான இடம் கிடையாது, தாக்கவும் போவார், தடுக்கவும் வருவார். கிழக்கில் இருந்த நேஷனல் ஹாக்கி அசோசியேஷன் அதே சீசனில் ரோவரைத் தூக்கிவிட்டு ஆறு பேருக்கு மாறியது. பேட்ரிக் சகோதரர்கள் மாறவில்லை. பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் இருப்பது 'பக்' என்ற தட்டையான ரப்பர் வட்டு. முன்னால் நிற்கும் ஆளுக்கு அந்தப் பக்கைப் பாஸ் செய்யவும் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். அதனால் சறுக்குவதில் வேகமும், பக்கை மட்டையிலேயே ஒட்டிவைத்துக்கொண்டு போகிற திறமையும் இருப்பவர்தான் ராஜா. அணிக்கு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். பெரும்பாலும் அதே ஏழு பேர் அறுபது நிமிடமும் களத்தில் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஆட்டத்தில் கோல் மழை பொழிந்தது. 23 ஆட்டங்களில் 261 கோல். சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பதினொன்றுக்கும் மேல். வான்கூவரின் நியூஸி லலோண்ட் 15 ஆட்டத்தில் 27 கோல் அடித்து முதலிடம். ராயல்ஸின் ஹாரி ஹைலண்ட் 26. விக்டோரியாவின் டாமி டண்டர்டேல் 24. மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் ஃபிராங்க் பேட்ரிக், தடுப்பு ஆட்டக்காரராக நின்றுகொண்டே, ஆறு கோல் போட்டார். லீக்கின் முதலாளி ராத்திரி களத்தில் இறங்கி ஆறு கோல் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இப்போது மறுபடி பட்டியலுக்கு வருகிறேன், கோல் கணக்கை மட்டும் பாருங்கள். வான்கூவர் அடித்தது 102, வாங்கியது 94. விக்டோரியா 81, வாங்கியது 90. ராயல்ஸ் அடித்தது 78, வாங்கியது 77. மூன்று அணிகளில் ஆகக் குறைவாக அடித்ததும் ராயல்ஸ், ஆகக் குறைவாக வாங்கியதும் ராயல்ஸ். சீசன் முழுவதும் சேர்த்து ஒரே ஒரு கோல் வித்தியாசம். அதை வைத்து ஒன்பது வெற்றி!

இது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அணியின் பின்பகுதியைப் பாருங்கள். கோலில் ஹ்யூ லேமன், பின்னாளில் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர். அவருக்கு முன்னால் 'மூஸ்' ஜான்சன். நீளமான கை, அதற்கேற்ற நீளமான மட்டை. எதிராளி பக்கத்தில் வருவதற்கு முன்பே, இரண்டு எட்டுத் தள்ளி நின்று பக்கைக் குத்தித் தட்டிவிடுவார். முன்னால் பாஸ் செய்ய முடியாத ஆட்டத்தில், பக்கோடு வருகிறவன் நேராக உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கென்றே பிறந்தவர் ஜான்சன். தலைமை ஏற்றவர் அனுபவசாலியான ஜிம்மி கார்ட்னர். முன்னால் ஹைலண்ட், அணியின் 78 கோலில் சரியாக மூன்றில் ஒரு பங்கு அவருடையது. வான்கூவர் ஜெயிக்கும்போது பெரிதாக ஜெயித்தது. ராயல்ஸ் நெருக்கமான ஆட்டங்களைப் பிடித்துக்கொண்டது. லீக் ஆட்டத்தில் ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு கோலில் ஜெயித்தாலும் வெற்றி ஒன்றுதானே.

அந்த ராயல்ஸுக்கு ஸ்டான்லி கோப்பைக்காக மோதும் வாய்ப்பு மட்டும் அந்த ஆண்டு கிடைக்கவில்லை. கோப்பை கிழக்கில் கியூபெக் அணியிடம் இருந்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஏப்ரலில் கிழக்கு லீக்கின் நட்சத்திர அணி மேற்கே வந்தபோது, மேற்குக் கடற்கரை அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் அவர்களைத் தோற்கடித்தது. அப்படியிருக்க, ராயல்ஸ் கியூபெக்கோடு மோதியிருந்தால் ஒருதலைப்பட்சமான ஆட்டமாக இருந்திருக்காது.

இந்த லீக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். டெய்லர் அடுத்த சீசனில் வான்கூவருக்கு வந்தார், 1915-இல் வான்கூவர் ஸ்டான்லி கோப்பையை வென்றது, 1917-இல் சியாட்டில் அதை முதல்முறையாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து இன்றைக்கும் இருக்கும் நீலக் கோடுகள், நடுப் பகுதியில் முன்னால் பாஸ் செய்யும் அனுமதி, இதெல்லாம் பேட்ரிக் சகோதரர்கள் கொண்டுவந்தவை. எல்லாம் சரிதான். ஆனால் இவை நடக்க வேண்டுமென்றால் 1912-இல் அந்த 23 ஆட்டங்களுக்கு ஜனங்கள் காசு கொடுத்து வந்திருக்க வேண்டும். முதலாளியின் அணிதான் ஜெயிக்கும் என்று தெரிந்தால் யார் வருவார்கள்?

ராயல்ஸ் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்றே சீசன்தான் இருந்தது. ஹைலண்ட் ஒரு சீசன் ஆடிவிட்டு மான்ட்ரியலுக்குத் திரும்பிவிட்டார், லலோண்டும் அப்படியே. 1914-இல் அணியையே அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கு மாற்றினார்கள், பெயர் ரோஸ்பட்ஸ். மூஸ் ஜான்சனும் கூடப் போனார். 1916-இல் ஸ்டான்லி கோப்பைக்காக ஆடிய முதல் அமெரிக்க ஊர் அணி அதுதான். மான்ட்ரியல் கனேடியன்ஸோடு ஐந்து ஆட்டம் வரை இழுத்து, 3-2 என்று தோற்றது. அந்தத் தொடரை அடுத்த வீடியோவில் முழுதாகப் பேசலாம். வருகிறேன் நண்பர்களே.