அப்பத்தா செருப்பைக் கழற்றிய இடம்

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமடத்து உறவுகளே, வணக்கம்.

பாழடைந்த இடங்களைப் பார்க்கும்போது மனதில் மேலோங்குவது அச்சமா, உறவா? இதுதான் தலைப்பு. அச்சமே என்று பேசிய அண்ணன், பொழுது சாயும் நேரத்தில் தனுஷ்கோடி தேவாலயத்துக்கு முன்னால் நின்றாராம். உடம்பு சிலிர்த்து உள்ளே போகாமலே திரும்பிவிட்டாராம். பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை "பேய் நகரம்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு மனத்தாங்கல். தனுஷ்கோடியில் இன்றைக்கும் குடிசை போட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. விடியும்போது கரைவலை இழுக்கிறார்கள். மனிதர் உலை வைக்கிற ஊரைப் பேய் நகரம் என்று சொல்லலாமா, நடுவர் அவர்களே?

அவர் சொன்ன துயரத்தை நான் மறுக்கவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலைக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். மார்கழியில் காற்று ஒரு மாதிரி அடித்தால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கண்ணை மூட மாட்டோம். சரி, அது கடல்மேல் உள்ள பயம். அதைக் கொண்டுபோய் அந்தத் தேவாலயச் சுவர்மேல் ஏன் ஏற்ற வேண்டும்? அந்தச் சுவரும் நம்மோடு சேர்ந்து அடி வாங்கியதுதானே?

என் அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். கல்யாணம் முடிந்து தங்கச்சிமடம் வந்துவிட்டதால் பிழைத்தார். அவருடைய தம்பி அங்கேயே இருந்தார். புயலுக்குப் பிறகு உடல்கூடக் கிடைக்கவில்லை. 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு, அடுத்த வருடம் அப்பத்தாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். அதற்கு முன்னால் ரோடு முடிகிற முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன் குலுங்கிக்கொண்டு போகும், அவர் உடம்பு அதற்குத் தாங்காது.

தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. கதவு கிடையாது. ஆனாலும் வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும் அப்பத்தா செருப்பைக் கழற்றினார். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய், அரித்துப்போன அந்தப் பவளப்பாறைக் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "தம்பிக்கு இங்கதான்யா ஞானஸ்நானம் கொடுத்தது" என்றார். கல்லறை இல்லாத தம்பிக்கு அக்கா வந்து நிற்க வேறு எந்த இடம் இருக்கிறது?

அப்புறம் ஒவ்வொன்றாகக் கையை நீட்டினார். இது ஸ்டேஷன், அது தபாலாபீஸ், அந்த உருண்டைத் தொட்டி ரயிலுக்குத் தண்ணீர் கொடுத்தது. எனக்குத் தெரிந்தது வெறும் மணல்மேடு. அவருக்குத் தெரிந்தது, 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருடம் தூங்காத ஊர். எழும்பூரில் போட் மெயில் ஏறி, இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. தோட்டத்து வேலைக்குப் போன எத்தனை பேருக்கு இந்த மண்தான் கடைசியாக மிதித்த சொந்த மண்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள், அதாவது பாலத்தைத் தாங்கும் உத்திரங்கள், போயின. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் பொறுப்பில் 46 நாளில் பாலத்தில் திரும்ப ரயிலை ஓடவைத்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவில்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. கடலைப் பார்த்து எடுத்த முடிவு, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடல் அழித்தது ஒரு ராத்திரியில். விட்டுவிட்டு வந்தது நாம். அந்தச் சுவருக்கு முன்னால் மனசு கனக்கிறதே, அது பயம் இல்லை, அண்ணே. நம்முடையதை விட்டுவிட்டு வந்த கனம்.

அன்றைக்கு இரண்டு பையன்கள் சுவரில் ஆணியால் பேர் கீறிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் உதிர்ந்த கல்லை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டார். அப்பத்தா சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய், "அது என் தம்பி கோயில் கல்லுய்யா, வச்சிட்டுப் போ" என்றார். அவர் உடனே எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். எதிரணி சொல்வதுபோல் பயத்தில் வைத்தாரா? ஒரு கிழவியின் உறவுக்கு மரியாதை கொடுத்து வைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு குடிசைப் பக்கம் ஒரு தங்கச்சி மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் நல்ல தண்ணீர். அப்பத்தா கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு என் பாட்டிலில் இருந்த கடைத்தண்ணீரைக் கீழே ஊற்றச் சொல்லி, அதில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். தங்கச்சிமடம் வந்து சேரும்வரை கீழே வைக்கவில்லை.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.