மழைக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்குப் போங்கள்

(காட்சி: வெயிலில் காயும் மொட்டை மாடி. மூலையில் வேப்பஞ்சருகு, உடைந்த துணிக் கிளிப்.)

வணக்கம். ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான். மாடி இப்படிக் காய்ந்து கிடக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். அடைமழை பிடித்துக்கொண்டால் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், பூச்சும் ஒட்டாது.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் மழைக்கு அதில் விழுவது கிட்டத்தட்ட 930 லிட்டர். 10 சென்டிமீட்டர் என்றால் 9,300 லிட்டர், ஒரு லாரித் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. இதே அளவு மாடியில் அன்று விழுந்தது சுமார் 88,000 லிட்டர். அத்தனையும் இறங்க வேண்டியது மூலையில் இருக்கும் இரண்டு மூன்று குழாய் வாய் வழியாகத்தான்.

(காட்சி: குழாய் வாய்க்குள் கை நுழைகிறது.)

வாயைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் எங்கள் மாடியில் வாய் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கையை விட்டுத் துழாவினால், முதல் வளைவில் ஒரு பால் கவர், அதைச் சுற்றிப் பட்டநூல், அதன்மேல் களிமண் மாதிரி இறுகிப்போன வேப்பிலை. உருவி எடுத்ததும் 'களக்'கென்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் மாடி வடிந்துவிட்டது.

அதனால் ஒரு வாளித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுங்கள். கீழே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். ஊற்றிய வேகத்தில் கொட்டினால் சரி. நூலாக வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. அப்புறம் இன்னொரு வாளியை எதிர் மூலையில் ஊற்றி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வாட்டம் கெட்ட இடம் அதுதான். ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்தோ, கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் இடத்திலிருந்தோதான் தொடங்கும்.

விரிசல் தெரிந்தால் சிமென்ட் பாலைப் பூசி மூடிவிடாதீர்கள். அது காய்ந்து சுருங்கி, அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கொத்தி, தூசியை ஊதி, விரிசல் நிரப்பும் பசையை அடைத்து, அது காய்ந்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தின்மேல் அடித்தால் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும்.

(காட்சி: மின்விசிறிக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நீர்த்துளி.)

இதைக் கவனியுங்கள். மின்விசிறி வழியாகச் சொட்டினால் விரிசல் நேர் மேலே இருக்கும் என்று சொல்ல முடியாது. கான்கிரீட்டுக்குள் ஓடும் ஒயர் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து, எங்கோ தள்ளி வந்து சொட்டும். அந்த அறையின் மின்சாரத்தை உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

(காட்சி: தரைத்தள வீடு, வாசலில் மணல் மூட்டை.)

தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. வாசலில் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம், தண்ணீர் பாத்ரூம் வழியாக ஏறி வரும். தெருச் சாக்கடை நிரம்பினால் வீட்டின் தாழ்வான துளையைத் தேடித்தான் அது வரும். சாக்கடைக் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பிளம்பரை வைத்து இப்போதே பொருத்திவிடுவது நல்லது. முடியாவிட்டால் தடிமனான பிளாஸ்டிக் தாளை விரித்து, டாய்லெட் பீங்கான் மேலும் பாத்ரூம் தரைத் துளை மேலும் மணல் மூட்டையை அழுத்தி வையுங்கள். மூட்டையை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். முக்கால் மூட்டை மணல்தான் படிந்து உட்காரும், இடைவெளி விடாது.

சம்ப் மூடியையும் பாருங்கள். அது தரையோடு தரையாக இருந்தால் சாக்கடை கலந்து, குடிக்கிற தண்ணீர் போய்விடும். மூடியின் விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். எச்சரிக்கை வந்த அன்றே மேல் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது.

இன்வெர்ட்டர் பேட்டரி, பீரோவின் கீழ்த்தட்டுப் பத்திரங்கள், எல்லாம் மேலே போகட்டும். மெயின் சுவிட்சைத் தரை காய்ந்திருக்கும்போதே அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

(காட்சி: கூரையில் ஈரத்திட்டு. ஒரு கை அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுகிறது.)

இத்தனைக்கும் பிறகு எங்காவது ஓதம் அடித்தால், அந்த ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியை எழுதுங்கள். அடுத்த மழைக்குக் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு. தையில் காய்ந்த பிறகு திட்டு மங்கிப்போய், கொத்தனார் வந்து "எங்கங்க ஒழுகுது?" என்று கேட்பார். அப்போது நீங்கள் அந்தக் கோட்டைக் காட்டலாம்.