முதுகு ஊசியில் சேரும் அந்த ஒரு துளி

[காட்சி: சுங்கை சிப்புட், செம்பனைத் தோட்டத்துச் சாலை]

வணக்கம். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்கு சிசேரியன் நடந்தது. சாயங்காலம் பார்க்கப் போனால் மூக்கையும் கன்னத்தையும் சொறிந்துகொண்டே இருக்கிறார், பக்கத்தில் மாமியார், "உடம்புல சூடு ஏறிருச்சு, இளநீர் வாங்கிட்டு வா" என்கிறார். சூடு இல்லை அம்மா, அது அறுவைக்கு முன் மரக்கவைக்கப் போட்ட முதுகு ஊசியில் சேர்த்த மார்ஃபின் என்ற வலி மருந்தின் வேலை.

மார்ஃபினா, அது கேன்சர் முற்றியவர்களுக்குக் கொடுப்பதாச்சே என்று பயந்துவிடாதீர்கள்.

[படம்: இடுப்புப் பகுதி முதுகெலும்பு]

தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, அதைச் சுற்றியுள்ள நீரில்தான் இந்த ஊசி போகிறது. முக்கிய மருந்து பியூபிவகெய்ன்; நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்து, வலி, தொடுவுணர்வு, கால் அசைவு எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும். ஆனால் அதன் அளவைக் கூட்டக் கூட்ட ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், அளவு குறைந்தால் கர்ப்பப்பையைத் தைக்கும்போது உள்ளே ஏதோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அதனால்தான் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து, ஒரு துளி சேர்க்கிறார்கள். இது சோடியம் வாசலைத் தொடாது, தண்டுவடத்தில் வலிச் செய்தி கைமாறும் இடத்திலேயே அதை மடக்கிவிடும், காலை மரக்கச் செய்யாது. வழி வேறு என்பதால் இரண்டும் சேரும்போது ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறது.

ஃபென்டனில் என்றால் 10 முதல் 25 மைக்ரோகிராம். கொழுப்பில் சட்டென்று கரைவதால் சில நிமிடத்தில் வேலை செய்து, சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அறுவை நேரத்துக்கு அது. மார்ஃபின் தண்ணீரோடு ஒட்டிக்கொள்கிற ரகம். மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் வெறும் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரைக்கும் வலியைத் தாங்கிப் பிடிக்கும். தையல் வலியோடு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, ஒரு விஷயம் கவனமாகக் கேளுங்கள். அந்த நீரிலேயே தங்குவதால் மார்ஃபின் மெல்ல மேலேறி மூளைப் பக்கமும் போகும். எப்போதாவது, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு மந்தமாகலாம். ராத்திரி மிஸி (நர்ஸ்) வந்து மூச்சை எண்ணிப் பார்ப்பது அதற்காகத்தான், "இப்பத்தான் தூங்குது, எழுப்பாதீங்க" என்று தயவுசெய்து தடுக்காதீர்கள். பலத்த குறட்டை உண்டா, தூக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை ஊசிக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அரிப்பு, குமட்டல் இரண்டும் இதில் சகஜம், மருந்து இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், மிஸியைக் கூப்பிடுங்கள். தடிப்போ முக வீக்கமோ வந்தால் அது வேறு கதை, உடனே சொல்ல வேண்டும்.

அப்புறம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று அந்த அக்கா கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம். இவ்வளவு சின்ன அளவில் பாலுக்குப் போய்ச் சேருவது மிகமிகக் குறைவு.