நின்றால் கொதிக்கும் கார்

நேயர்களுக்கு வணக்கம். கத்திரி வெயிலில் கத்திப்பாரா பக்கம் போனால், பானெட்டைத் திறந்துவைத்து ஓரங்கட்டிய கார் ஒன்றாவது கண்ணில் படும். பக்கத்திலேயே ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். அவர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் இருந்தால் பாதி ஆபத்து நீங்கியது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், அதாவது என்ஜினை ஆற்றும் திரவம், மூடி திறந்ததும் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். என்ஜினை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ஆறட்டும். அதற்குள் ஒன்றை யோசியுங்கள்: வண்டி எப்போது சூடேறியது? ஜிஎஸ்டி சாலையில் வேகமாகப் போகையில் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் மேலே ஏறுகிறது என்றால், முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. வேகத்திலும் சூடேறினால் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் அடைப்பு, சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப் என்று தேடல் வேறு பக்கம் போகும்.

ஃபேனைச் சோதிக்க எளிய வழி, ஏசி போடுவது. பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சாரையோ அதன் ஒயரையோ பாருங்கள். கூலன்ட் குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றாலும் அது தவறான அளவைக் காட்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எதற்குமே சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அப்புறம் ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே. அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே ஃபியூஸ் பெட்டியில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம், செலவே இல்லை. அடுத்து, மெக்கானிக்கிடம் பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டை நேராக மோட்டாருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், ஒயர்தான் எரியும். ஒரு எச்சரிக்கை: என்ஜின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலைத் தள்ளியே வையுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. "டைரக்ட் கொடுத்துட்டேன் சார், இனிமே பிரச்சினை வராது" என்பார்கள். சென்சாரை விட்டுவிட்டு ஃபேனை நேராக இணைத்துவிடுவார்கள், சாவி போட்டதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வீடு போய்ச் சேர அது போதும். நிரந்தரமாக அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், உண்மையான கோளாறும் மறைந்துபோகும். "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிவதையும் நான் ஏற்க மாட்டேன். என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

போர்வெல் தண்ணீரை ஊற்றுவதும் இந்த ரகம்தான். சென்னையில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். ரேடியேட்டருக்குள் படிந்து, மெல்ல அடைக்கும். கூலன்ட் குளிரில் உறையாமல் இருக்கத்தானே, பனி பெய்யாத ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும்.

கடைசியாக ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், தண்ணீர் அதில் கலந்திருக்கிறது. என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.