கை நடுங்குவதற்கு முன்னால்

(காட்சி: காரைக்குடி வீட்டு அடுப்படி. காய்ந்த எண்ணெயில் பட்டை, கல்பாசி விழுகிறது.)

குரல்: கல்பாசி பொரிந்தால் முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கே மணக்கும். அடுப்படியில் நிற்கிற ஆச்சிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "இப்பல்லாம் சரக்கே சரியில்ல" என்று கடைக்காரரைத் திட்டுகிறார். பாவம், கடைக்காரர் மேல் தப்பில்லை. கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் தரும் பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் வருகிற பலருக்கு, கை நடுங்கச் சில வருடங்கள் முன்பே வாசனை தெரியாமல் போய்விடும். அதற்காக மூக்கடைத்தவரெல்லாம் பயப்பட வேண்டாம். சளி, சைனஸ் என்று வேறு காரணங்கள்தான் அதிகம்.

(காட்சி: மூளையின் படம். அடிப்பகுதியில் நிறம் பரவுகிறது.)

குரல்: இந்த நோயில், உடம்பு அசைவுக்கு உதவும் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைவது தெரிந்த விஷயம். அதோடு, ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் திரண்டு தேங்குகிறது. பலருக்கு இது முதலில் வாசனையை உணரும் பகுதியிலும், குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு கிளம்பும் இடத்திலும் தொடங்குகிறது என்று 2003-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஹைக்கோ பிராக் குழுவினர் சொன்னார்கள். எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தவில்லை. ஆனால் பலருக்கு நடுக்கத்துக்கு முன்பே மலச்சிக்கலும் ஏன் வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

அப்புறம் தூக்கம், இதுவும் நடுக்கத்துக்கு முன்பே கெடலாம். கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை பூட்டி வைக்கும். அந்தப் பூட்டு கழன்றால், கனவில் நாயை விரட்டுகிற ஐயா நிஜமாகவே உதைப்பார், கத்துவார். அடி வாங்குவது பக்கத்தில் படுத்திருப்பவர். திருநீறு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நரம்பியல் டாக்டரிடமும் சொல்லுங்கள். பாதி ஐயாக்கள் சொல்ல மாட்டார்கள், காலையில் அவர்களுக்கு ஞாபகமே இருக்காது.

(காட்சி: உயரமான திண்ணைப் படிகள்.)

குரல்: இந்த நோயில் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கலாம். எழுந்ததும் தலை சுற்றுகிறதா? படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கவனிக்க வேண்டும். நம் வீட்டுப் படிகளில் விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

மனச்சோர்வை வீட்டில் "பிள்ளைக சிங்கப்பூர்ல இருக்கிற ஏக்கம்" என்பார்கள். ஏக்கமும் இருக்கலாம்தான். ஆனால் மூளை ரசாயனங்கள் மாறுவதாலும் சோர்வு வரும், அதற்கு மருந்து உண்டு. எச்சில் வடிவது, அவசரமாகச் சிறுநீர் வருவது, அசதி, வலி, பின்னாளில் மறதி, இல்லாத ஆள் தெரிவது எல்லாம் இதே நோயில் வரக்கூடியவை.

இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும். போன வாசனையைத் திருப்பித் தராது. கோழி, முட்டை போன்ற புரத உணவோடு சேர்த்துப் போட்டால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் மூடி மறைக்கிற ஒன்று. இதே நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரை ஆரம்பித்தபின் சிலர் சீட்டாட்டத்தில் இறங்குவார்கள், கண்டபடி பொருள் வாங்கிக் குவிப்பார்கள். புத்தி கெட்டுப்போச்சு என்று சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.