அரசாங்க வேலைக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: நாட்டு நடப்பை எப்படிப் படிப்பது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும், அப்படியே சுங்கை பட்டாணி, தைப்பிங் வரைக்கும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும், குறிப்பாகப் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வுகளுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு. அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், வார இறுதிகளில் பட்டர்வொர்த்தில் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசுவது என் வழக்கம். அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகள் படிக்காமல் இல்லை. நிறையவே படிக்கிறார்கள். ஆனால் படிப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் கேள்வி பதில் குறிப்புகள். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11-ஆவது உறுப்பு நாடு எது? தீமோர் லெஸ்தே. எப்போது சேர்ந்தது? 2025 அக்டோபர் 26, கோலாலம்பூர் மாநாட்டில். பதில் சரிதான். இணையத்தில் எழுதும் முதல் கட்டத் தேர்வுக்கு அது போதும். அப்புறம் குழு விவாதம் வரும், நேர்முகத் தேர்வு வரும். அங்கே எதிரே இருப்பவர் தேதியைக் கேட்க மாட்டார். "2011-லேயே விண்ணப்பித்த நாட்டைச் சேர்த்துக்கொள்ள ஏன் 14 ஆண்டுகள் ஆயின?" என்று கேட்பார். குறிப்பை மட்டும் படித்த பிள்ளை அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது.

இதற்கு விடை அப்படியொன்றும் கடினமில்லை. தீமோர் லெஸ்தே 2002-இல் விடுதலை பெற்ற சிறிய நாடு. அதன் வருமானம் பெரும்பாலும் எண்ணெய், எரிவாயுவை நம்பியது. ஆசியானில் ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான கூட்டங்கள் நடக்கும். அவற்றுக்கு அனுப்பப் போதிய அதிகாரிகள் அந்த நாட்டில் இருக்கிறார்களா, பொருளாதார ஒப்பந்தங்களை நிறைவேற்ற அந்த நிர்வாகத்தால் முடியுமா என்ற தயக்கம் சில நாடுகளுக்கு இருந்தது. 2022-இல் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு படிப்படியாகத் தயார்படுத்தி, மலேசியா தலைமை வகித்த ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். கவனியுங்கள், இதில் பெரிய செய்தியே அரசாங்க ஊழியர்களைப் பற்றியதுதான். ஒரு நாடு வட்டார அமைப்பில் சேர்வதற்குக்கூடப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் வேண்டும். நிர்வாக அதிகாரி வேலைக்குப் போகிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

அதே ஆண்டின் இன்னொரு பெரிய செய்தி தாய்லாந்து, கம்போடியா எல்லைச் சண்டை. 2025 ஜூலை 24-இல் மூண்டது. 28-ஆம் தேதி புத்ராஜெயாவில் நம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் இரு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி, அன்று நள்ளிரவு முதல் போர்நிறுத்தம் என்று ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 26-இல் கோலாலம்பூரில் கூட்டுப் பிரகடனம் கையெழுத்தானது. அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் உடனிருந்தார். நவம்பரில் எல்லையில் கண்ணிவெடி வெடித்துத் தாய்லாந்து வீரர்கள் காயமடைந்ததும், உடன்பாட்டைச் செயல்படுத்துவதைத் தாய்லாந்து நிறுத்திவைத்தது. டிசம்பரில் மறுபடியும் சண்டை. டிசம்பர் 27-இல் மறுபடியும் போர்நிறுத்தம். அக்டோபரோடு நின்றுவிட்ட குறிப்பைப் படித்துவிட்டு, மலேசியா சமாதானம் செய்து வைத்தது என்று ஒரே வரியில் முடிக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் நாடு செய்தது பெருமைக்குரிய காரியம். அந்தப் பெருமையையும் சொல்ல வேண்டும், உடன்பாடு ஏன் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தோசீனாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் சயாமும், அதாவது இன்றைய தாய்லாந்தும், எல்லை வகுத்தபோது வரையப்பட்ட வரைபடங்கள்தான் தகராறின் ஊற்றுக்கண். மலை முகட்டில் பிரியா விகார் என்ற பழங்காலக் கோயில் இருக்கிறது. கெமர் மன்னர்கள் சிவபெருமானுக்குக் கட்டியது. அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் 1962-இல் அனைத்துலக நீதிமன்றம் கம்போடியாவுக்குத் தீர்ப்பளித்தது. 2013-இல் அந்தத் தீர்ப்புக்கு விளக்கமும் தந்தது. ஆனாலும் எல்லை நெடுகிலும் தீராத இடங்கள் பாக்கி. கம்போடியா மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. தாய்லாந்தோ, நாமிருவரும் நேரில் பேசித் தீர்ப்போம் என்கிறது.

இங்கேதான் மலேசிய மாணவர் ஒருவர் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்க முடியும். நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 2002-இல் சிப்பாடான், லிகிதான் தீவுகள் நமக்கு என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. 2008-இல் பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்குப் போனது. நடுப்பாறைகள் நமக்கு வந்தன. அண்டை நாட்டோடு தகராறு வந்தால் துப்பாக்கியை எடுக்காமல் நீதிமன்றத்துக்குப் போன நாடு நாம். ஜெயித்தும் இருக்கிறோம், இழந்தும் இருக்கிறோம். தாய்லாந்து, கம்போடியா பற்றிய கேள்விக்கு இந்த வரலாற்றைக் கொண்டு விடை சொன்னால் நேர்முகத் தேர்வு நடத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் வரலாம். ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்விவகாரத்தில் மற்றொன்று தலையிடாது என்பது கொள்கை. அப்படியென்றால் மலேசியா எப்படி நடுவில் போனது? 1976-இல் பாலியில் கையெழுத்தான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். தலையிடாமை அதில் இருக்கிறது. சச்சரவுகளை அமைதி வழியில் தீர்க்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. இரு நாடுகளுக்கிடையிலான சண்டை ஒரு நாட்டின் உள்விவகாரம் ஆகாது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே நாம் அழைத்துப் பேசினோம். மியன்மார் நிலைமை வேறு. அங்கே வன்முறையை நிறுத்த 2021-இல் ஒப்புக்கொண்ட ஐந்து அம்ச இணக்கம் இன்னும் தாளிலேயே நிற்கிறது. 2026-இல் ஆசியான் தலைமைப் பொறுப்பு பிலிப்பின்ஸ் கைக்குப் போயிருக்கிறது. இந்தப் பிரச்சினையும் அதன் மேசைக்குத்தான் போகும்.

சரி, நம் வாசலுக்கு வருவோம். பினாங்குப் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் வழியாகத் தினமும் போகிறார்கள். அந்தத் தொழிற்சாலைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. 1969-இல் பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுக உரிமை பறிபோனது. வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அப்போது முதலமைச்சரான துன் லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வாணிக வட்டாரம் பிறந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹெவ்லெட் பேக்கார்ட், பாஷ் போன்றவை முதலில் வந்தன. எட்டு சாமுராய்கள் என்று இன்றும் அந்த எட்டு நிறுவனங்களைச் சொல்வார்கள். இன்று உலகில் மின்னணுச் சில்லுகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் நம் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிச் செய்தி புரியும். 2025 ஏப்ரல் 2-இல் நமக்கு 24 விழுக்காடு என்றார்கள். ஜூலையில் கடிதம் வந்தது, 25 என்றது. ஆகஸ்டில் 19 ஆனது. அக்டோபரில் கோலாலம்பூரில் வாணிப ஒப்பந்தம் கையெழுத்தானது. சில்லுகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு இருந்தது, ஆனால் சில்லு இறக்குமதி பற்றிய தனி விசாரணை என்ற கத்தி தலைக்குமேல் தொங்கியது. ஆகவே இப்படிப்பட்ட எண்களை எழுதிவைக்கும்போது பக்கத்தில் தேதியைப் போடுங்கள். தேதியில்லாத எண் தேர்வில் உங்களைக் கவிழ்த்துவிடும். கூடவே 2024 மே மாதம் வெளியிட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகத்தையும் சேர்த்துப் படியுங்கள். அதன் இலக்குகளில் ஒன்று 60,000 பொறியியலாளர்களை உருவாக்குவது. பொதிந்து கொடுக்கும் வேலையிலிருந்து வடிவமைக்கும் வேலைக்கு நாடு ஏற வேண்டும் என்பதே அதன் சாரம். அதில் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எனக்கு உறக்கம் கெடுக்கும் கேள்வி.

பெட்ரோல் மானியம் பற்றி எல்லாரும் பேசுகிறோம். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்கள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென். தொடங்கியபோது மாதத்துக்கு 300 லிட்டர் வரை. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென் ஆனதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே மானியத்தை உரியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் முயற்சிதான், வழிதான் வேறு. எது மக்களுக்குக் குறைந்த சிரமம் தந்தது, ஏன் என்று யோசித்து வையுங்கள். கட்டுரைத் தேர்வுக்கு அருமையான பொருள். 13-ஆவது மலேசியத் திட்டம், 2026 முதல் 2030 வரை, மொத்தம் 611 பில்லியன் ரிங்கிட். அதில் நம் சமூகத்துக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது, அதை நானும் கேட்கிறேன். ஆனால் மற்றவர் எழுதிய விமர்சனத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசாதீர்கள். திட்டத்தையே திறந்து, கல்வி பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

பலரும் தொடாமல் விடுவது சபா விவகாரம். 2025 அக்டோபர் 17-இல் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. வழக்குத் தொடுத்தது சபா வழக்கறிஞர் சங்கம். 1963-ஆம் ஆண்டின் அளவுக்கு மேல் மத்திய அரசு சபாவிலிருந்து திரட்டும் நிகர வருமானத்தில் 40 விழுக்காட்டை அந்த மாநிலத்துக்கு மானியமாகத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 112சி பிரிவிலும் பத்தாம் அட்டவணையிலும் இருக்கிறது. 1974 முதல் 2021 வரை அந்தக் கடமை நிறைவேறவில்லை என்பதே வழக்கின் மையம். அந்த மானியத்தைப் புதிதாக மறுஆய்வு செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தீபகற்பத்தில் இருந்துகொண்டு, சபா காசு கேட்கிறது என்று மட்டும் சொன்னால் அது காப்பிக்கடைப் பேச்சு. சபா மலேசியாவில் இணைந்த 1963 மலேசிய ஒப்பந்தத்தையும் இந்தப் பிரிவையும் எடுத்துச் சொன்னால் அது அதிகாரியின் பேச்சு.

உலக நடப்பில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, தேவையுமில்லை. காஸா பற்றி 2025 நவம்பர் 17-இல் ஐநா பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 2803-ஆம் தீர்மானத்தைப் படியுங்கள். 13 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஏன் ஒதுங்கின என்பதையும் தேடுங்கள். 2026 ஜனவரி 17-இல் பெருங்கடல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடற்பகுதியில் உயிரினங்களைக் காப்பது அதன் நோக்கம். நம் வீட்டுப் பக்கத்து மலாக்கா நீரிணையில் அப்படிப்பட்ட பகுதி கிடையாது, அங்கே 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் கடப்புரிமை விதிகள்தான் பேசும். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் புவியியலும் சட்டமும் சேர்ந்தே தெரியும் என்று அர்த்தம்.

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நம் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தியை மலாயிலேயே படியுங்கள். எழுதப்போவதும் பேசப்போவதும் அந்த மொழியில்தான். வரவு செலவுத் திட்ட உரையும் நாடாளுமன்ற விவாதப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம், இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய செய்தி ஒன்றை அம்மாவிடமோ தாத்தாவிடமோ தமிழில் சொல்லுங்கள். அவர்கள் "ஏன் அப்படி?" என்று கேட்பார்கள். நீங்கள் தடுமாறும் இடம் எதுவோ, மறுநாள் படிக்க வேண்டியது அதுதான். என்னிடம் வரும் பிள்ளைகளில் இதை விடாமல் செய்தவர்கள் குழு விவாதத்தில் பயமில்லாமல் பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை செய்தி பேச வரும்போது தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். தம்பி தங்கைகளே, பொதுச் சேவை ஆணையத்தின் தளத்தில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விளம்பரம் வந்தபின் தேடினால் நாள் போதாது. நன்றி, வணக்கம்.